90/10 விதி: மாணவரைக் காக்கிறதா, கட்டணத்தை ஏற்றிவிடுகிறதா?

முகிலன்:
அமெரிக்காவில் மருத்துவ உதவியாளர், அழகுக்கலை, வெல்டிங் மாதிரியான படிப்புகளை நடத்தும் தனியார் தொழிற்கல்லூரிகள் பெரும்பாலும் மத்திய அரசின் மாணவர் நிதியுதவியை நம்பித்தான் ஓடுகின்றன. லாபநோக்கில் நடக்கும் கல்லூரி என்றால், வருவாயில் 90 சதவீதத்துக்கு மேல் அரசின் கல்வி உதவிப் பணமாக இருக்கக் கூடாது. தொடர்ந்து 2 நிதியாண்டுகள் தவறினால் உதவி பெறும் தகுதியே போய்விடும். நான் அப்படியொரு சிறிய கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த 90/10 விதியால் மாணவருக்கு நல்லது நடப்பதாக எனக்குத் தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். கட்டணம் 15,000 டாலர். பெல் உதவித்தொகையும் (வசதி குறைந்த மாணவருக்கு மத்திய அரசு தருவது, திருப்பிக் கட்ட வேண்டாம்) அரசுக் கடனும் சேர்ந்து 14,500 வருகிறது. மாணவர் 500 கட்டினால் போதும். ஆனால் எல்லோரும் இப்படியே என்றால் கல்லூரியின் விகிதம் 96ஐத் தாண்டிவிடும். கட்டணத்தை 16,200 ஆக்கினால் 89.5க்கு இறங்கும். விதி நிறைவேறிவிட்டது, மாணவர் இப்போது 1,700 புரட்ட வேண்டும். குறைந்த கட்டணம் வாங்கும் கல்லூரி மாட்டிக்கொள்கிறது, ஏற்றுகிற கல்லூரி தப்பிக்கிறது.

கயல்விழி:
அந்தப் பத்து சதவீதத்தை மாணவர் தலையில்தான் கட்ட வேண்டும் என்று விதியில் எங்கே இருக்கிறது முகிலன்? வேலைக்கு எடுக்கப்போகிற கிளினிக் கட்டலாம். உதவியே வாங்காமல் சொந்தக் காசில் படிக்க வருபவர்கள் இருக்கலாம். ஊரில் ஒருவர்கூடப் பத்தில் ஒரு பங்கைத் தர முன்வரவில்லை என்றால், அந்தப் படிப்பின் மதிப்பு அவ்வளவுதான்.

1992இல் இந்த விதி வந்தபோது வரம்பு 85. 1998இல் 90 ஆகத் தளர்த்தினார்கள். அதிலும் ஓர் ஓட்டை இருந்தது. முன்னாள் படைவீரர்கள் படிக்க அரசு தரும் ஜிஐ பில் பணம் அரசுப் பணமாகக் கணக்கில் வரவில்லை. அந்த வழியில் ஒரு டாலர் வந்தால், இன்னும் 9 டாலர் நிதியுதவி வாங்க இடம் கிடைத்தது. படைவீரர்களைச் சில கல்லூரிகள் துரத்தித் துரத்திச் சேர்த்தது அதனால்தான். 2021இல் சட்டம் திருத்தி, 2023 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அதை அடைத்தார்கள். விதியை எடுத்துவிட்டால் அந்த மாதிரிக் கல்லூரிகளுக்குக் கடிவாளம் ஏது?

ராமநாதன்:
நீங்கள் இருவரும் 90/10 பற்றியே பேசுகிறீர்கள். தணிக்கைக்குப் போகும் நான் பார்த்தவரை, சிறிய கல்லூரிகள் சறுக்குவது வேறு இடத்தில். பாதியில் நின்றுபோன மாணவருக்கான பணத்தைத் திருப்பும் இடம் அது.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 900 மணி நேரப் படிப்பு, பணம் 450 மணி நேரத்துக்கு ஒரு தடவை வரும். முதல் தவணையாக 5,000 டாலர் வந்துவிட்டது. கால அட்டவணைப்படி 180 மணி நேரம் ஆனபோது மாணவர் நின்றுவிடுகிறார். அந்தத் தவணையில் அது 40 சதவீதம், ஆகவே 2,000தான் அவர் ஈட்டியது. மீதி 3,000 அரசுக்குப் போக வேண்டும். 60 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் முழுப் பணமும் ஈட்டியதாகிவிடும். வருகைப்பதிவு கட்டாயமான கல்லூரி, மாணவர் கடைசியாக வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அவர் நின்றுவிட்டதைத் தீர்மானித்தாக வேண்டும். அப்புறம் 45 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும். வகுப்பில் ஆசிரியர் வருகையேட்டைச் சரியாக எழுதாவிட்டால் இந்தக் கணக்கு மொத்தமும் ஆட்டம் காணும். தாமதம் அளவு மீறினால், கல்லூரி கட்டத் தவறினால் தான் கட்டுவதாக வங்கி தரும் உத்தரவாதக் கடிதத்தை அரசு கேட்கும். ஒரே ஆள் சேர்க்கையையும் நிதியுதவியையும் சேர்த்துப் பார்க்கும் கல்லூரியில் இது தப்பாமல் நடப்பது கஷ்டம்.

முகிலன்:
ராமநாதன் சார் சொன்னதில் இன்னொன்றும் இருக்கிறது. 3,000ஐக் கல்லூரி அரசுக்குத் திருப்பிய பிறகு, கட்டணத்தில் மிச்சம் இருந்தால் அது மாணவர் பெயரில் பாக்கியாக நிற்கும். நாங்கள்தான் அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். குழந்தையைப் பார்க்க ஆள் இல்லாமல் நின்றவரிடம் அதைச் சொல்வது எவ்வளவு கொடுமை!

கயல்விழி கேட்ட கடிவாளத்துக்கு வருகிறேன். தெருவுக்கு எதிரே இருக்கும் சமுதாயக் கல்லூரியும் அதே மருத்துவ உதவியாளர் படிப்பை நடத்துகிறது. அதற்கு மாநில மானியம் உண்டு, 90/10 கிடையாது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை விடுங்கள். படித்து முடித்தவர் என்ன சம்பாதிக்கிறார் என்பதை எல்லோருக்கும் ஒரேமாதிரி அளந்து பாருங்கள்.

கயல்விழி:
அளக்கத்தான் வந்தார்களே! 2011இல், படித்தவரின் கடனையும் சம்பாத்தியத்தையும் ஒப்பிட்டுப் படிப்பை எடைபோடும் வேலைவாய்ப்புப் பயன் விதி வந்ததும், கல்லூரிகளின் சங்கம் நீதிமன்றம் போய் 2012இல் அதன் பெரும்பகுதியை ரத்துசெய்ய வைத்தது. 2014இல் மறுபடி எழுதினார்கள், 2019இல் கல்வித்துறையே திரும்பப் பெற்றது. 2023இல் மீண்டும் வந்தது. ஆண்டுக் கடன் தவணை சம்பாத்தியத்தில் 8 சதவீதத்தையும், அடிப்படைச் செலவு போக மிஞ்சும் வருமானத்தில் 20 சதவீதத்தையும் தாண்டினால் அந்தப் படிப்பு தோற்றது. பள்ளிப் படிப்போடு நின்றவரைவிட அதிகம் சம்பாதிக்காவிட்டாலும் தோல்விதான். 3 ஆண்டில் 2 முறை தோற்றால் நிதியுதவி கிடையாது. இதை ஆதரிக்கிறீர்களா?

முகிலன்:
ஆதரிக்கிறேன். அழகுக்கலைப் படிப்பில் மட்டும் ஒரு நியாயமான குறை உண்டு. அங்கே டிப்ஸ் பணம் முழுதும் வருமான வரிக் கணக்கில் ஏறாததால் சம்பாத்தியம் குறைத்துக் காட்டப்படுகிறது. மற்றபடி சரி. 2025 ஜூலையில் வந்த சட்டமும் பட்டப்படிப்புகளுக்கு இப்படியொரு சம்பாத்தியச் சோதனை வைத்திருக்கிறது. அரசுக் கல்லூரி, தனியார் கல்லூரி என்ற பேதம் அதில் இல்லை. அப்புறம் 90/10 எதற்கு?

கயல்விழி:
நீங்களே சொன்ன வார்த்தையைப் பாருங்கள், பட்டப்படிப்புகளுக்கு. இளநிலைச் சான்றிதழ் படிப்புகள் அந்தச் சட்டத்தில் இல்லை. உங்கள் மாதிரிக் கல்லூரிகள் நடத்துவது பெரும்பாலும் அவற்றைத்தானே? அவற்றுக்கு இருப்பது துறை எழுதிய விதி. 2019இல் போனதுபோல இன்னொரு நிர்வாகம் வந்தால் போகும். 90/10 சட்டத்திலேயே இருக்கிறது.

முகிலன்:
சான்றிதழ் படிப்புகளையும் சட்டத்தில் ஏற்றினால் 90/10ஐ எடுக்கச் சம்மதமா?

கயல்விழி:
ஒரு நிபந்தனையோடு. லாபநோக்கில் நடந்த பெரிய குழுமமான கொரிந்தியன் கல்லூரிகளை 2015இல் இழுத்து மூடியபோது மாணவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். 2022இல் 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அரசு தள்ளுபடி செய்தது, நம் வரிப்பணம். நிதிநிலை ஆட்டம் காணும் முன்பே ஒவ்வொரு கல்லூரியும் வங்கி உத்தரவாதம் கட்டட்டும். அதற்கு உங்கள் நிர்வாகம் ஒத்துக்கொள்ளுமா, கேட்டுச் சொல்லுங்கள்.