காலிங் பெல் அடித்தாலே தலைகால் புரியாமல் ஆடும் லேப் குட்டி: என்ன செய்யலாம்?

கோவைக்காரி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 5 மாத லேப்ரடார் குட்டி இருக்கிறாள், பெயர் மிட்டாய். வீட்டு ஆட்கள் மட்டும் இருக்கும்போது தங்கமான பிள்ளை. சோறு வைக்கும் முன் 'உட்கார்' என்றால் உட்காருவாள், கூப்பிட்டால் வருவாள். காலிங் பெல் அடித்துவிட்டால் போதும், வேறு நாயாகிவிடுகிறாள். வாசலுக்குப் பாய்கிறாள், வருகிறவர் மேல் தாவி முகத்தை நக்கப் பார்க்கிறாள், புடவை முந்தானையைக் கவ்வி இழுக்கிறாள். சில பேரைப் பார்த்தால் நின்ற இடத்திலேயே மூச்சா போய்விடுகிறாள். அந்த நேரத்தில் 'உட்கார்' என்று சொன்னால் காதிலேயே விழுவதில்லை.

என் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவருடைய சிநேகிதிகள் மாலையில் பேச வருவார்கள், எல்லோரும் 70 வயதைத் தாண்டியவர்கள். மிட்டாய் இப்போதே 15 கிலோ இருப்பாள். யாராவது தடுமாறி விழுந்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. பின்பக்கம் கட்டிப்போட்டால் விடாமல் கத்துகிறாள். இது வயதோடு போய்விடுமா, இல்லை நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா? தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் நிறைய பேர் வருவார்கள், அதற்குள் ஓரளவாவது சரியானால் நிம்மதி.

நெல்லைவாசி:

வணக்கம்மா. வீட்டில் பல வருடங்களாக லேப் வளர்க்கிறோம், அந்த அனுபவத்தில் சொல்கிறேன். மிட்டாய் அடங்காத நாய் இல்லை. அவள் செய்வது நாய்க்குட்டிகளின் வரவேற்பு முறை. ஓநாய்க் கூட்டத்தில் வேட்டைக்குப் போன பெரியவை திரும்பியதும் குட்டிகள் ஓடிப்போய் அவற்றின் வாயோரத்தை நக்கும். விழுங்கி வந்த இறைச்சியைப் பெரியவை கக்கிக் கொடுக்கும். வீட்டு நாய்க்குட்டிக்கும் அந்தச் சுபாவம் இருக்கிறது. பெரியவர்களைக் கண்டால் வாய்ப் பக்கம் போக வேண்டும். மனிதரின் வாய் ஐந்தடி உயரத்தில் இருக்கிறதே, தாவாமல் எப்படி எட்டும்?

இது பிறவிச் சுபாவம். இது பழக்கமாக இறுகுவதற்குக் காரணம் வருகிற ஆட்கள். ஒருவர் 'அச்சச்சோ செல்லம்' என்று இரண்டு கையாலும் வாரி அணைப்பார். இன்னொருவர் 'ச்சீ, போ போ' என்று கையால் தள்ளுவார். நமக்கு இரண்டும் எதிரெதிர். குட்டிக்கு இரண்டுமே கவனிப்புதான். தள்ளினால் விளையாடக் கூப்பிடுகிறார்கள் என்றே எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாகத் தாவும். பத்துப் பேரில் இரண்டு பேர் கொஞ்சினாலும் போதும், பழக்கம் நிலைத்துவிடும். எப்போதாவது கிடைக்கும் பலன் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும் என்பது விலங்குகளைப் பழக்குகிறவர்கள் எல்லோரும் அறிந்தது.

அப்புறம் பெல். மணிச் சத்தத்துக்குப் பின்னால் உணவு வரும் என்று தெரிந்த நாய்க்கு, உணவைப் பார்க்கும் முன்பே எச்சில் ஊறும் என்று ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் காட்டினார் இல்லையா, அதேதான் உங்கள் வாசலிலும் நடக்கிறது. பெல் அடித்ததுமே அவள் உடம்பு எகிறிவிடுகிறது. கதவு திறக்கும்போது 'உட்கார்' என்ற சொல் உள்ளே போகிற நிலையிலேயே அவள் இல்லை. அதனால் திமிர் என்று நினைக்காதீர்கள்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். மூச்சா போகும்போது காது, வால் எப்படி இருக்கிறது? மாலையில் ஆட்கள் வருவதற்கு முன் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள்?

கோவைக்காரி:

நன்றி அண்ணா. காதைப் பின்னால் மடக்கி, உடம்பைக் குறுக்கி, வாலைத் தாழ்த்தி ஆட்டுவாள். சில சமயம் மல்லாந்து படுத்தும் போவாள். என் கொழுந்தனார் வந்தால் கண்டிப்பாக நடக்கும். அவர் நல்ல உயரம், குரலும் பெரியது, நேராக வந்து குனிந்து தலையைத் தடவுவார். நாங்கள் வெளியே போய்விட்டு வரும்போதும் எப்போதாவது சொட்டும்.

பள்ளி விட்டு வந்ததும் பிள்ளைகள் அவளோடுதான் விளையாடுவார்கள். 6 மணி வரை ஒரே ஓட்டம். அத்தையின் சிநேகிதிகள் வருவதும் அந்த நேரம்தான்.

கால்நடை மருத்துவர், திருச்சி:

மூச்சா விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். இதில் இரண்டு வகை உண்டு. சந்தோஷம் தாங்காமல் சொட்டுவது ஒன்று. 'நான் சின்னவள், என்னை ஒன்றும் செய்யாதீர்கள்' என்று பணிந்து விடுவது இன்னொன்று. கொழுந்தனாரிடம் நடப்பது இரண்டாவது வகை. இரண்டுமே வேண்டுமென்று செய்வதில்லை. சிறுநீரை அடக்கும் திறன் இந்த வயதில் முழுதாக வந்திருக்காது. பெரும்பாலான குட்டிகளுக்கு ஒரு வயதை ஒட்டித் தானாக நின்றுவிடும்.

இதற்குத் திட்டவே கூடாது. 'ஏய்' என்று ஒரு அதட்டல்கூட வேண்டாம். பணிவு காட்டுகிற குட்டியை அதட்டினால் இன்னும் அதிகமாகப் பணியும், அதாவது இன்னும் அதிகமாகப் போகும். உங்கள் கொழுந்தனாரிடம் நேராகப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லுங்கள், உட்கார்ந்துகொண்டால் இன்னும் நல்லது. குட்டி தானாக வந்து முகரட்டும். பிறகு தாடைக்குக் கீழே அல்லது மார்பில் தடவலாம், தலைக்கு மேலே கை வேண்டாம். ஆட்கள் வருகிற நேரம் தெரிந்தால் அதற்கு முன்பே வெளியே கூட்டிப்போய்ச் சிறுநீர் கழிக்க வைத்துவிடுங்கள்.

ஆட்கள் வராத நேரத்திலும் அடிக்கடி சொட்டுகிறது, முக்கிப் போகிறது, தூக்கத்தில் ஈரமாகிறது, ரத்தம் தெரிகிறது என்றால் அது பழக்கம் அல்ல. பெண் குட்டிகளுக்குச் சிறுநீர்த் தொற்று வரக்கூடும், பரிசோதனை செய்துவிடுங்கள்.

தூக்கத்தையும் கவனியுங்கள். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் சுமார் 18 மணி நேரம் தூங்க வேண்டும். இரண்டு மணி நேரம் பிள்ளைகளோடு ஓடிய குட்டி களைத்துப்போய் அமைதியாக இருக்கும் என்று நினைப்போம். நடப்பது நேர்மாறு. தூக்கம் கெட்ட குட்டிதான் அதிகமாகத் துள்ளும், அதிகமாகக் கவ்வும். 5 மணிக்கே விளையாட்டை முடித்து, ஒதுக்குப்புறமான இடத்தில் படுக்க வையுங்கள்.

முந்தானையைக் கவ்வுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சுமார் 4 முதல் 6 மாதத்துக்குள் பால்பல் விழுந்து நிலைப்பல் முளைக்கும், ஈறு நமநமக்கும். ஃப்ரிட்ஜில் குளிரவைத்த பெரிய கேரட்டைப் பக்கத்தில் இருந்து கடிக்கக் கொடுக்கலாம். விளையாட்டாகப் பல் பட்டு வந்தவர் யாருக்காவது தோல் கீறினால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, டாக்டரிடம் அனுப்புங்கள். குட்டிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், கீறல் பட்டவருக்கு ஊசி வேண்டுமா என்ற முடிவை டாக்டர் எடுக்கட்டும்.

தோட்டத்து வீடு:

எங்கள் பக்கம் இவ்வளவு யோசிக்க மாட்டோம். மேலே தாவினால் முழங்காலால் நெஞ்சில் ஒரு இடி, இரண்டு தடவையில் அடங்கிவிடும். தோட்டத்தில் எங்கள் நாய் எதுவும் யார் மேலும் தாவுவதில்லை.

நெல்லைவாசி:

ஐயா, உங்கள் நாய்கள் தாவாது என்பதை நம்புகிறேன். காரணம் இடி இல்லை என்பது என் எண்ணம். தோட்டத்து நாய் பிறந்ததிலிருந்து பால்காரர், கூலிக்கு வருகிறவர், உரம் இறக்குகிறவர் என்று நாள் முழுக்க ஆட்களைப் பார்க்கிறது. அதற்கு மனிதர் வருவது அன்றாட விஷயம். அடுக்குமாடி வீட்டுக் குட்டிக்குக் கதவு திறந்து ஒருவர் வருவது திருவிழா. ஸ்காட், ஃபுல்லர் என்ற இருவர் 1965இல் வெளியிட்ட நாய் ஆராய்ச்சி நூல் இதில் முக்கியமானது: மூன்றாவது வாரத்தில் தொடங்கி ஏறக்குறைய 12 வாரம் வரை பார்த்துப் பழகியதைக் குட்டி எளிதாக ஏற்றுக்கொள்கிறது. தடுப்பூசி முடியவில்லை என்று நம் ஊர்க் குட்டிகள் பல அந்த நாட்களை நாலு சுவருக்குள் கழிக்கின்றன. குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் பற்றிய பயம் நியாயமானதுதான். தரையில் விடாமல் கையில் தூக்கிக்கொண்டு தெருவைக் காட்டியிருக்கலாம் என்பதை யாரும் சொல்வதில்லை.

இடிப்பதில் உள்ள ஆபத்து வேறு. வந்தவர் என்றால் வலி என்று குட்டி கற்றுக்கொள்ளும். இன்றைக்குத் தாவுவது நிற்கலாம், ஒரு வருடம் கழித்து வந்தவரைப் பார்த்து உறுமினால் அதைச் சரிசெய்வது பெரும்பாடு. போதாததற்கு, வளர்கிற எலும்பில் அடி படலாம்.

கோவைக்காரிக்கு: இப்படிச் செய்யுங்கள், அவசரம் வேண்டாம். ஆள் இல்லாத நேரத்தில் ஆரம்பியுங்கள். உங்கள் பெல் சத்தத்தை மொபைலில் பதிந்து, மிகக் குறைந்த சத்தத்தில் ஒலிக்க விடுங்கள். ஒலித்த உடனே வாசலிலிருந்து தள்ளி விரித்த ஒரு பாயில் உப்பில்லாமல் வேகவைத்த கோழித் துண்டு ஒன்றைப் போடுங்கள். பெல் கேட்டதும் வாசலுக்கு ஓடாமல் பாயைத் திரும்பிப் பார்க்கிறாளா, அதுதான் நாம் தேடுகிற அறிகுறி. அதற்குப் பிறகு சத்தத்தைக் கூட்டுங்கள். அடுத்தது வீட்டு ஆள் ஒருவர் வெளியே போய் நிஜ பெல்லை அடித்து உள்ளே வரட்டும். நான்கு காலும் தரையில் இருந்தால் உணவு, அதுவும் தரையில். கையை உயர்த்திக் கொடுத்தால் கையைத் தேடித் தாவுவாள். தாவினால் ஒரு சொல்லும் இல்லாமல் அந்த ஆள் திரும்பி வெளியே போய்விட வேண்டும். கதவு மூடட்டும், கொஞ்சம் கழித்து மறுபடி வரட்டும்.

நடுவில் ஒரு கட்டத்தில் முன்பைவிட அதிகமாகத் தாவுவாள். இதுவரை பலித்தது ஏன் பலிக்கவில்லை என்று முட்டிப் பார்ப்பாள். அந்த நேரத்தில் ஒருவர் மனம் இளகிக் கொஞ்சிவிட்டால் அந்த உச்சகட்டத் துள்ளலே பழக்கமாகிவிடும்.

நிஜ விருந்தாளி வரும்போது ஹார்னஸில் (மார்புப் பட்டையில்) லீஷ் (பிடிவார்) மாட்டி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கும் முன்பே ஒரு கைப்பிடி உணவைத் தரையில் சிதறவிடுங்கள். மூக்கு கீழே இருக்கும் நாயால் தாவ முடியாது. வருகிறவர்களுக்கு முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பிவிடுங்கள்: 'குட்டியைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். உள்ளே வந்ததும் அவளைப் பார்க்காமல் நேராகப் போய் உட்காருங்கள். அவள் அமைதியானதும் நாங்களே கூட்டிவருகிறோம்.' நம் ஊரில் இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும், மரியாதைக் குறைவாகத் தோன்றும். குட்டிக்காகச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாமியாரின் சிநேகிதிகள் விஷயத்தில் மட்டும் பயிற்சியை நம்பாதீர்கள். அவர்கள் வந்து உட்காரும்வரை நடுவில் தடுப்புக் கதவு இருக்கட்டும். குழந்தைகளுக்குப் போடும் சின்ன கேட் போதும். தனியாகப் பின்பக்கம் கட்டினால் கத்துவாள். கேட்டுக்கு இந்தப் பக்கம் நீங்கள் தெரிகிற இடத்தில், கடிக்க ஏதாவது கொடுத்து வைத்தால் அவ்வளவு கத்த மாட்டாள்.

சிப்பிப்பாறை வளர்ப்பவர்:

இடையில் ஒரு கேள்வி. என் சிப்பிப்பாறைக் குட்டி ஆள் வந்தால் குரைத்துக்கொண்டே பின்வாங்குகிறான். அவனுக்கும் இதே முறையா?

கால்நடை மருத்துவர், திருச்சி:

இல்லை, அது பயம். வந்தவர் கையால் உணவு கொடுக்க வைக்காதீர்கள். உணவுக்காகக் கிட்டே வந்துவிட்டு, பிறகு பயந்து கடிக்கலாம். அவனுக்கு வேண்டியது தூரம். வந்தவர் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருக்க, நீங்கள் தள்ளி நின்று உணவைப் போடுங்கள். எவ்வளவு கிட்டே போவது என்பதை அவன் முடிவு செய்யட்டும்.

கோவைக்காரி:

எல்லோருக்கும் நன்றி, நிலவரம் சொல்ல வந்தேன். மாலைத் தூக்கம்தான் பெரிய மாற்றம் கொடுத்தது. 5 மணிக்குப் படுக்க வைத்தால் பெல் அடித்தாலும் பழைய வேகம் இல்லை. பாய்ப் பயிற்சியை அத்தையே எடுத்துக்கொண்டார், நாற்காலியில் உட்கார்ந்தபடி கோழித் துண்டு போடுகிறார். வீட்டு ஆள் பெல் அடித்தால் மிட்டாய் பாயில் போய் உட்காருகிறாள். வெளியாள் என்றால் பாதி நேரம்தான் பலிக்கிறது. கொழுந்தனார் சோபாவில் உட்கார்ந்த பிறகு கூட்டிப்போனால் மூச்சா இல்லை, நின்றுகொண்டிருந்தால் இன்னும் உண்டு. லீஷை எப்போது கழற்றலாம்? தீபாவளியன்று என்ன செய்வது?

நெல்லைவாசி:

ரொம்ப சந்தோஷம்மா. வெளியாள் உள்ளே வந்து உட்காரும்வரை லீஷ் தொய்வாகவே இருந்தால், அதுவும் பல தடவை பல ஆட்களிடம் அப்படி இருந்தால், கையிலிருந்து விட்டுத் தரையில் இழுபடும்படி விடுங்கள். தேவைப்பட்டால் மிதித்து நிறுத்தலாம். முழுதாகக் கழற்றுவது அதற்கப்புறம்.

தீபாவளியன்று பயிற்சியே வேண்டாம். வெடிச் சத்தம், கூட்டம் இரண்டும் சேர்ந்தால் இந்த வயதுக் குட்டிக்குத் தாங்காது. விடியும் முன்பே வெளியே கூட்டிப்போய்விட்டு வந்து, உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியும் டிவியும் ஓட, வீட்டு ஆள் ஒருவர் மாற்றி மாற்றிக் கூட இருங்கள். வருகிறவர்கள் பாசமாக எதையாவது நீட்டுவார்கள், அதையும் முன்பே சொல்லிவையுங்கள். திராட்சை போட்ட பாயசம், கேசரி, சாக்லேட், வெங்காயம் போட்ட பலகாரம் எதுவும் அவள் வாயில் படக் கூடாது. உலர்திராட்சை கொஞ்சம் தின்றாலும் சில நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கும். தின்றுவிட்டாள் என்று தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். பண்டிகை நாளில் யார் திறந்திருப்பார்கள் என்று இந்த வாரமே கேட்டு, எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.