வின்ச் கியர் பெட்டியில் விரிசல், ஒட்டினால் நிற்குமா?

கோத்தகிரி ஜீப்:
அப்பா காலத்து ஜீப். முன்னால் மாட்டிய வின்ச் (கம்பியைச் சுருட்டி வண்டியை இழுக்கும் கருவி), எஞ்சின் ஓட்டத்தில் சுற்றும் வகை. போன வாரம் சேற்றில் புதைந்த டிராக்டரை இழுக்கும்போது 'டொப்' என்று சத்தம். துடைத்துப் பார்த்தால் போல்ட் துளையிலிருந்து பேரிங் பக்கமாக, சுண்டுவிரல் நீளத்துக்கு, முடி போல விரிசல். ஆயில் கசிகிறது. பட்டறையில் சாதா வெல்டிங் ராடு வைத்து ஒட்டினார்கள். ஆறும்போதே பக்கத்தில் புது விரிசல் விட்டது. வேறு பெட்டி கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

லேத்காரன்:
ஓரத்தில் துளை போட்டுப் பாருங்கள். கறுப்பாகத் தூள் உதிர்ந்தால் வார்ப்பிரும்பு, சுருளாக வந்தால் எஃகு. வார்ப்பிரும்பில் கரி அதிகம். சட்டென ஆறினால் ஒட்டின் ஓரம் கண்ணாடி போல இறுகி வெடிக்கும். பழைய ஒட்டை முழுக்க வெட்டி எடுங்கள். ஊறின ஆயிலைச் சூடு காட்டி எரியுங்கள். விரிசல் நுனியில் 3 மி.மீ. துளை, அப்புறம் நிக்கல் ராடு. ஒரு அங்குலம் ஒட்டி, சூட்டோடு சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் வரை காத்திருந்து அடுத்த அங்குலம். கடைசியில் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுக்க விடுங்கள்.

மலை வண்டி:
அண்ணே, விரிசல் பேரிங் உட்காரும் இடம் வரை போயிருந்தால் ஒட்டியபின் லேத்தில் வட்டம் சரிபாருங்கள். முதல் இழுவையில் கம்பி பக்கம் யாரையும் நிற்க விடாதீர்கள்.

கோத்தகிரி ஜீப்:
தூள்தான் உதிர்ந்தது. பேரிங் வரை போகவில்லை. சனிக்கிழமை நானே கூட நின்று ஒட்ட வைக்கிறேன். ரொம்ப நன்றி.