கலைச்சொல்: ‘ஸ்லிக்’ டயருக்குத் தமிழ் (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

நி. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

குட்டி மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் புதிதாக வருவோருக்கான கையேடு ஒன்று மொழிபெயர்ப்பில் இருக்கிறது. டயர் தேர்வு மட்டும் நான்கு பக்கம். வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டும். படிக்கப்போகிறவர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், பணிமனையில் கைவேலை பார்ப்பவர்கள்.

இரண்டு சொற்கள் நகர மறுக்கின்றன: ‘ஸ்லிக்’ (பள்ளம் இல்லாத பந்தய டயர்), ‘காம்பவுண்ட்’ (டயரின் ரப்பர் எதெதைச் சேர்த்து, எவ்வளவு கெட்டியாகச் செய்யப்பட்டது என்பது). இயந்திர மொழிபெயர்ப்பு முதலாவதை ‘நயமான டயர்’ ஆக்கியது, இரண்டாவதைச் ‘சேர்மம்’ ஆக்கியது. ‘மென்மையான சேர்மம் கொண்ட நயமான டயர்’ என்று அச்சடித்தால் என்னை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

‘டயர்’, ‘மோட்டார் சைக்கிள்’ இரண்டும் அப்படியே இருக்கட்டும். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசும் மோட்டார் சைக்கிள் என்றே எழுதுகிறது. அந்த விவாதத்தைத் தயவுசெய்து இங்கே திறக்க வேண்டாம்.

ப. எழுதியது:

திறக்கவில்லை அம்மா. ஆனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்: ‘உருளி’ இருக்க ‘டயர்’ எதற்கு?

ஸ்லிக் என்பது மேற்பரப்பில் பள்ளக் கோடுகள் இல்லாத டயர். கோடு என்பது வரி. வரி இல்லாதது வரியிலி. முகவரியற்றவனை முகவரியிலி என்போம், நாதியற்றவனை நாதியிலி என்போம். அதே வாய்பாடு. ‘இலி’ விகுதி சொல்லைச் சுருக்கும், பன்மையும் எளிது: வரியிலிகள்.

கு. எழுதியது:

ஐயா, சிங்கப்பூரில் ‘வரியிலி டயர்’னு எழுதினா, ஜிஎஸ்டி இல்லாத டயர்னு கடைக்காரர்கிட்ட போய் நிப்பாங்க. 2024 ஜனவரியிலிருந்து 9 விழுக்காடு. யாருக்குத்தான் ஆசை இருக்காது?

எல்லாரும் வாயில் சொல்றது ‘மொட்டை டயர்’. அதையே போடுங்க, முடிஞ்சுது.

ர. எழுதியது:

குமார் அண்ணா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் தலையாட்டுவதற்குள் ஒரு தடை. (பெயர் போட்டுவிட்டேன், இனி எழுத்து மட்டும்.) ‘மொட்டை டயர்’ என்ற சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தேய்ந்து, பட்டன் (மேற்பரப்பின் ரப்பர்க் கட்டிகள்) போய், மாற்ற வேண்டிய சாலை டயருக்குத்தான் அந்தப் பெயர். அதையே ஸ்லிக்குக்கும் வைத்தால், பழைய டயரே ஸ்லிக் வேலை பார்க்கும் என்று ஒரு மாணவன் முடிவு கட்டுவான். அது எவ்வளவு தவறு என்று பாருங்கள்.

சாலை டயரின் ரப்பர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதற்காகக் கெட்டியாகக் கலக்கப்பட்டது. தேயத் தேய, சூடாகி ஆறி, இன்னும் இறுகும். நடுப்பகுதி தட்டையாகிவிடுவதால் வண்டியைச் சாய்க்கும்போது ஒரு விளிம்பைத் தாண்டி ‘தொப்’பென்று விழும். மிஞ்சியிருக்கும் ரப்பர் மெலிந்திருப்பதால் உள்ளே இருக்கும் நூலடுக்கு வெளிப்படும் அபாயமும் உண்டு.

பந்தய ஸ்லிக் இதற்கு நேர்மாறு. ரப்பர் இளக்கமானது, வேலை செய்யும் வெப்பநிலைக்கு வந்தால்தான் ஒட்டும். வளைவு சீரானது. பள்ளம் இல்லாததால் ரப்பர்க் கட்டிகள் தனித்தனியாக ஆடாது, தடத்தின் மீது படியும் பரப்பும் கூடுதல். தேய்மானம் தெரிவதற்கு மேற்பரப்பில் ஊசித்துளை மாதிரிச் சிறு குழிகள் வைத்திருப்பார்கள். குழி மறைந்தால் டயர் முடிந்தது. பள்ளமே இல்லாத டயரில் ‘பள்ளம் எவ்வளவு மிச்சம்’ என்று பார்க்க முடியாதல்லவா, அதற்குத்தான் இந்த ஏற்பாடு.

ஆகவே சொல் எதுவானாலும் ‘தேய்ந்தது’ என்ற பொருள் துளியும் ஒட்டக்கூடாது. என் முன்மொழிவு: மழுவுருளி, மழமழப்பான உருளி என்ற பொருளில். வேண்டாமென்றால் ‘மழு டயர்’.

ஜோ. எழுதியது:

மழு என்றால் கோடரி, தம்பி. பரசுராமர் டயர் ஆகிவிடும்.

எல்லைக்கு அப்பால், மலேசியாவின் ஜோகூர்ப் பக்கத்துப் பணிமனைகளில் டயர்ப் பள்ளங்களை மலாயில் ‘பூங்ஙா தாயர்’ என்பார்கள், டயரின் பூ என்று பொருள். தேய்ந்ததற்கு ‘தாயர் போத்தாக்’. எல்லை தாண்டி அங்குள்ள கோ-கார்ட் தடத்தில் ஓட்டப் போகிறவர்கள் இந்த இரண்டையும் காதில் வாங்காமல் திரும்ப முடியாது. பள்ளத்தைப் ‘பூ’ என்று ஏற்றுக்கொண்டால் ஸ்லிக் ‘பூவிலா டயர்’. அழகாகவும் இருக்கிறது, தேய்மானமும் ஒட்டவில்லை.

ப. எழுதியது:

‘போத்தாக்’ என்பதே நம் ‘மொட்டை’ கடல் கடந்த வடிவம் என்பது என் நெடுநாள் கருத்து. மகரமும் பகரமும் இதழில் பிறப்பவை, ஒன்றுக்கொன்று மாறும். டகரம் தகரமானது. ஈற்றில் ககரம் மலாய் ஓசைக்காக வந்தது.

ர. எழுதியது:

ஐயா, ஓசை ஒத்தால் உறவு என்றால் உலகில் அநாதைச் சொல்லே இருக்காது. பழைய சான்று ஏதாவது காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

ப. எழுதியது:

சான்று தேடுகிறேன். அதற்கிடையில் வேறொன்று. சக்கரத்தின் உறுப்புகளுக்குச் சங்கத் தமிழில் பஞ்சமே இல்லை. பெரும்பாணாற்றுப்படையில் உமணர் (உப்பு வணிகர்) வண்டியைச் சொல்லும் இடத்தில் சூட்டு, ஆரம், உருளி மூன்றும் அடுத்தடுத்து வரும். சூட்டு என்பது ஆரக்கால்களைச் சூழ்ந்த வட்டை. சிறுபாணாற்றுப்படையில் ‘ஆரம் சூழ்ந்த அயில்வாய் நேமி’. அயில் இரும்பு. விளிம்பில் இரும்பு பூட்டிய சக்கரம் என்று கொண்டால் அதுதான் அந்தக் காலத்து டயர்! பிற்காலத்து மாட்டுவண்டிக்கு அடித்த இரும்புப் பட்டாவும் அதன் வழிவந்ததே. இரும்புப் பட்டாவில் பூவும் கிடையாது, வரியும் கிடையாது. எனவே வெறும் ‘நேமி’ என்றாலே ஸ்லிக். பள்ளம் உள்ளதற்குத்தான் அடைமொழி வேண்டும்.

திருவள்ளுவரும் ‘உருள்பெருந்தேர்’ என்றது நினைவிருக்கட்டும். உருவுகண்டு எள்ளாமை வேண்டும் என்ற குறளைக் குட்டி வண்டிக் கையேட்டின் முகப்பிலேயே போடலாம்.

நி. எழுதியது:

ஐயா, குறளை முகப்பில் போட்டுவிடுகிறேன், நேமியை மட்டும் விட்டுவிடுங்கள். இன்று புதன்.

இன்னொரு சிக்கல். டன்லப் டிடி93 ஜிபி மாதிரி டயர்களில் ஆழம் குறைந்த சில பள்ளங்கள் உண்டு, ஆனால் பந்தயத்துக்கே பயன்படுகின்றன. கையேடு அவற்றை ஸ்லிக்கிலிருந்து பிரிக்கிறது. அப்படியானால் எனக்கு மூன்று பெயர் வேண்டும்: பள்ளமே இல்லாதது, பள்ளம் உள்ள பந்தய டயர், மழை டயர். மூன்றாவது பிரச்சினை இல்லை.

கு. எழுதியது:

பேரை நீங்க முடிவு பண்ணுங்க. அந்த நாலு பக்கத்துல விஷயம் சரியா இருக்கான்னு பார்த்தேன். சிலது விடுபட்டிருக்கு.

முதல்ல அளவு. முதல் எண் அகலம் மி.மீ.ல, அடுத்தது பக்கச்சுவர் உயரம் அந்த அகலத்துல எத்தனை விழுக்காடுன்னு, கடைசி ரிம் விட்டம் அங்குலத்துல. 6.5 அங்குலச் சக்கரம் உள்ள பாக்கெட் பைக்குக்கு (ரொம்பக் குட்டி பந்தய வண்டி) முன்னால 90/65-6.5, பின்னால 110/50-6.5. இதுக்கு பிஎம்டி கம்பெனியோட ஸ்லிக்கும் மழை டயரும் கிடைக்கும். 12 அங்குல வண்டிக்குப் பந்தயத்துல வழக்கமா 100/90-12 முன்னால, 120/80-12 பின்னால. ஹோண்டா குரோம்னு ஒரு 12 அங்குல வண்டி, அது கம்பெனியிலிருந்து வரும்போது முன்னால 120/70, பின்னால 130/70. மாத்தினா என்ன ஆகும்னு கையேடு சொல்லலை. கணக்குப்படி பின் டயர் விட்டம் 487 மி.மீ.ல இருந்து 497 ஆகுது. அதாவது கியர் 2 விழுக்காடு நீளும், அதே இன்ஜின் சுற்றுக்கு வண்டி அவ்வளவு கூடுதல் தூரம் போகும். முன்பக்கம் 12 மி.மீ. கூடுது, மட்கார்டு இடிக்குதான்னு கையால சுத்திப் பார்க்கணும். சங்கிலிக்கும் டயருக்கும் இடைவெளி பார்க்கணும். குறுகலான ரிம்முல அகல டயரைத் திணிச்சா அது கூம்பிப் போகும். ஓரம் தரையைத் தொடவே தொடாது, ‘ஓரம் புதுசாவே இருக்கு, நான் சாய்க்கலை போல’ன்னு பையன் இன்னும் சாய்ப்பான்.

பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும், 2324ன்னா 2024ஆம் வருஷம் 23ஆவது வாரம். மலிவா கிடைக்குதுன்னு பழைய ஸ்லிக் வாங்கறவங்க இதைப் பார்க்கறதே இல்லை. ஓடாம வெச்சிருந்தாலும் ரப்பர் இறுகும். வெயில் படாம, மின்மோட்டார் ஓடாத இடத்துல, கறுப்புப் பையில கட்டி வைக்கணும். மோட்டாரிலிருந்து வர்ற ஓசோன் ரப்பரை வெடிக்க வைக்கும். புது டயர் வந்ததும் கடினமானியில (ரப்பரோட கெட்டித்தன்மையை அளக்கற கருவி) ஒரு அளவு எடுத்து டயர் மேலயே எழுதி வைங்க. அப்புறம் அந்த எண்ணோட ஒப்பிட்டாதான் அர்த்தம். வேற கம்பெனி டயரோட ஒப்பிடக் கூடாது.

காற்று. காலைல கொட்டகைல 30 டிகிரில 20 பிஎஸ்ஐ வெச்சா, டயருக்குள்ள காற்று 60 டிகிரி ஆகும்போது ஏறக்குறைய 23½ காட்டும். அதனால ஓட்டம் முடிஞ்சு வந்த உடனே அளக்கணும், பேசிட்டு இருந்தா ஆறிடும். பெட்ரோல் நிலையத்துக் காற்று அளவி 2 பிஎஸ்ஐ தப்பு காட்டினா காருக்குப் பரவாயில்லை, இதுக்கு அது பத்துல ஒரு பங்கு.

ர. எழுதியது:

அண்ணா சொன்ன காற்றுப் பத்தியை அப்படியே சேர்த்துவிடுங்கள்.

‘காம்பவுண்ட்’ பற்றி. ‘சேர்மம்’ வேதியியலில் நிலையான விகிதத்தில் அணுக்கள் பிணைந்த பொருள். டயர்க்காரர்கள் சொல்வது அதுவல்ல. இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கார்பன் கரி, சிலிக்கா, எண்ணெய், கந்தகம் எல்லாம் சேர்த்துப் பிசைந்து வேகவைத்த கலவை. எனவே ‘ரப்பர்க் கலவை’, சுருக்கமாகக் ‘கலவை’. மென்கலவை, நடுக்கலவை, வன்கலவை.

ஜோ. எழுதியது:

கலவை என்றால் சிமெண்டுக் கலவைதான் கண்முன் வருகிறது. தோட்டத்துத் தமிழர்கள் ரப்பரைப் ‘பால்’ என்றே சொன்னார்கள்: பால்மரம், பால்வெட்டு. 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்த 22 ரப்பர்க் கன்றுகளையும், மரம் சாகாமல் பால் எடுக்கும் முறையை அந்தப் பூங்காவின் இயக்குநர் ரிட்லி வகுத்ததையும் நினைத்தால், டயர்ச் சொல்லைத் தர இந்த ஊருக்கு உரிமை இருக்கிறது. மென்பால், வன்பால்?

ர. எழுதியது:

உரிமை இருக்கிறது. ஆனால் பந்தய டயரில் பெரும்பங்கு செயற்கை ரப்பர். தவிர, ‘ஆண்பால், பெண்பால், மென்பால்’ என்று மாணவன் வரிசை போட்டுவிடுவான்.

ப. எழுதியது:

எல்லாரும் வீட்டுக்குள்ளேயே இருப்பதைத் தெருவில் தேடுகிறீர்கள். மென்மை, நடு, வன்மை என்று மூன்று வகை. தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டுமா? மெல்லினம், இடையினம், வல்லினம்! தொடக்கநிலையிலேயே மனப்பாடம். நன்னூல் வல்லினத்துக்கு மார்பையும் இடையினத்துக்குக் கழுத்தையும் மெல்லினத்துக்கு மூக்கையும் பிறப்பிடமாகச் சொல்கிறது. கழுத்து நடுவில்தானே? ‘முன் டயர் மெல்லினம், பின் டயர் இடையினம்’. ஒரு முறை கேட்டால் மறக்குமா?

நி. எழுதியது:

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்ததே பயமாகவும் இருக்கிறது.

கு. எழுதியது:

நல்லாத்தான் இருக்கு ஐயா. ஆனா பையன் கேட்பான்: ‘சிங்கப்பூர் வெயிலுக்கு வல்லினம் மிகுமா?’

பதில் வண்டியைப் பொறுத்தது. இதையும் கையேடு ஒரே வரில முடிச்சிருக்கு. பொதுவா இளக்கக் கலவை குறைஞ்ச சூட்டிலேயே ஒட்ட ஆரம்பிக்கும், சூடு மிஞ்சினா கரைஞ்சு உருளும். நம்ம ஊர்ல நண்பகல் காற்றே 31, 32 டிகிரி, தார் அதைவிட எவ்வளவோ சூடு. அதனால கெட்டிதான் சரின்னு தோணும். பாக்கெட் பைக்குக்கு அந்தக் கணக்கு எப்பவும் பொருந்தாது. வண்டியும் லேசு, ஓட்டறதும் சின்னப் பிள்ளை. டயருக்குச் சூடு ஏத்த எடையே இல்லை. அங்க இளக்கம் போட்டாலும் தாங்கும். பெரியவர் ஏறி ஓட்டற 12 அங்குல வண்டில பின் டயருக்கு இளக்கம் போட்டா நீள ஓட்டத்துல பாதியிலேயே வழுக்கும். அங்க பின்னால நடுத்தரம், முன்னால இளக்கம்னு ஆரம்பிச்சுப் பார்க்கலாம்.

டயரே சொல்லும். நீலம் பாய்ஞ்ச மாதிரிப் பளபளன்னு, ரப்பர் சுருண்டு வந்தா சூடு அதிகம். காய்ஞ்சு, கூரான விளிம்போட பிய்ஞ்சிருந்தா சூடு ஏறலை. ஆனா உடனே கலவையை மாத்தாதீங்க, முதல்ல காற்றை ஒவ்வொரு பிஎஸ்ஐயா மாத்திப் பார்க்கணும். காற்று குறைஞ்சா டயர் அதிகமா நெளிஞ்சு சூடாகும், இதைத் தலைகீழா நினைக்கறவங்க நிறைய. கலவை, காற்று, சஸ்பென்ஷன் மூணையும் ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னு கடைசி வரைக்கும் தெரியாது.

மழை டயரைப் பத்தி ஒண்ணே ஒண்ணு: இடிமழை நின்னு அரை மணியில தடம் காய்ஞ்சுடும். காய்ஞ்ச தடத்துல மழை டயரோட நாலு சுற்று கூடப் போகக் கூடாது, கட்டிகள் பிய்ஞ்சுடும்.

ர. எழுதியது:

‘மெல்லினம்’ வேண்டாம் என்று வாக்களிக்கிறேன். ‘இனம்’ என்றால் இனம். இது டயரின் இனமல்ல, ரப்பரின் கெட்டித்தன்மை. ஒரு கம்பெனியின் ‘மென்மை’ இன்னொரு கம்பெனியின் ‘நடு’வாக இருக்கும். இலக்கணத்தில் அப்படி நடக்காது, ஙகரம் எந்த ஆசிரியரிடமும் மெல்லினம்தான். அந்த உறுதியை டயருக்குக் கொடுத்தால் மாணவன் பெயரை நம்பி வாங்குவான், தயாரிப்பாளர் தரும் வெப்ப அளவைப் பார்க்க மாட்டான்.

ப. எழுதியது:

பெயரை நம்பி வாங்கக் கூடாது என்று அடியில் ஒரு வரி எழுதினால் போயிற்று. எல்லாக் கலைச்சொல்லுக்கும் அடிக்குறிப்பு உண்டு.

நி. எழுதியது:

வியாழன் இரவு. வந்த கருத்துகளைக் கூட்டிப் பார்த்தேன்.

‘கலவை’: மூவர் சரி. ஜோ. சிமெண்டு என்கிறார், மாற்று தரவில்லை. மென்கலவை, நடுக்கலவை, வன்கலவை என்று போடுகிறேன். ஐயாவின் மெல்லினம் ஒரு பெட்டிச் செய்தியாக வரும், நினைவில் வைக்க உதவும் என்று.

ஸ்லிக்: ‘வரியிலி’ ஒரு வாக்கு, ‘மொட்டை’ ஒரு வாக்கு, ‘மழு’ ரத்து, ‘பூவிலா’ இரண்டு (ஒன்று என்னுடையது, அரை மனதுடன்), ‘நேமி’ ஒன்று, ஐயாவுக்கு இரண்டு வாக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை. பெரும்பான்மை எதற்கும் இல்லை. ‘பள்ளமில்லா டயர்’ என்று வெளிப்படையாக எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘ஸ்லிக் எனப்படும்’ என்று சேர்க்கிறேன். மற்றது ‘பள்ளமுள்ள பந்தய டயர்’. ‘தேய்ந்த மொட்டை டயர் பள்ளமில்லா டயர் ஆகாது’ என்று தடித்த எழுத்தில் ஒரு வரி.

ஜோ. எழுதியது:

‘பள்ளமில்லா டயர்’ கலைச்சொல் அல்ல, விளக்கம். என் எதிர்ப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கு. எழுதியது:

விளக்கமா இருந்தா என்ன, கடையில கேட்டா சரியான டயரை எடுத்துக் குடுப்பான்.

ப. எழுதியது:

நானும் எதிர்ப்பு. ‘பள்ளம்’ என்றால் சாலைப் பள்ளம். ‘சால்’ என்று போட்டிருக்கலாம், ஏர் உழுத கோடு. சாலிலா உருளி. சான்று நாளை அனுப்புகிறேன்.

ர. எழுதியது:

ஐயா, நாளை அச்சு. நி. அக்கா, பக்கம் 2-இல் படத்துக்கு அடியில் இன்னும் ‘மென்மையான சேர்மம்’ என்றே இருக்கிறது, பார்த்தீர்களா?