மெடிக்கல் எய்டை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தைச் சேர்த்து வைக்கலாமா?

சாட்ஸ்வொர்த் மருமகள்:

தென்காசிப் பக்கம் பிறந்தவள் நான். கல்யாணமாகி டர்பன் வந்து பதிமூணு வருஷம் ஆகுது. வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர், வயது 46, ஃபிரிட்ஜ் ரிப்பேர் தொழில். எங்க நாலு பேருக்கும் மெடிக்கல் எய்டுக்கு, அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டுக்கு, மாசம் 6,800 ராண்ட் போகுது. போன வருஷம் நாங்க பார்த்த வைத்தியம் மொத்தமே சின்னவன் காதுவலியும் என் பல் ஒண்ணும்தான். பல்லுக்குப் பாதிப் பணம் கையிலிருந்துதான் கொடுத்தோம்.

மாமியாருக்கு மெடிக்கல் எய்டே கிடையாது. சர்க்கரை மாத்திரைக்கு விடியக்காலை நாலரைக்கே மடக்கு நாற்காலியும் பிளாஸ்க் டீயுமா அரசாங்க ஆஸ்பத்திரி வரிசைக்குப் போயிடுவாங்க. ஆனா அக்கம்பக்கத்தார் சேர்ந்து நடத்துற ஸ்டாக்வெல் சீட்டில் போட்டுப் போட்டு 58,000 ராண்ட் வச்சிருக்காங்க. எங்க கணக்கில் மாசக் கடைசியில் முந்நூறு தங்கினா அதிசயம். இதை அவங்க சொல்லிக் காட்டாத ஞாயிற்றுக்கிழமை இல்லை.

நான் யூனிசா பல்கலைக்கழகத்தில் அஞ்சல்வழியில் பொருளாதாரம் படிக்கிறேன். 1995 மார்ச்சில் தைவானில் எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு வந்த பிறகு குடும்பங்களின் சேமிப்பு சராசரியா 8.6 முதல் 13.7 சதவீதம் வரை குறைஞ்சதுன்னு ஓர் ஆய்வு வாசிச்சேன். அப்போ மாமியார் சொல்றதுதான் சரியா? காப்பீடு சேமிப்பைத் தின்னா நாடு எப்படி வளரும்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பழைய கணக்கர்:

தங்கச்சி, நாடு அப்புறம் வளரட்டும், முதல்ல உங்க வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். 2025/26 வரி ஆண்டில் மெடிக்கல் எய்டுக்கான வரிச் சலுகை, முதல் ரெண்டு பேருக்குத் தலா 364, மத்தவங்களுக்குத் தலா 246. அந்தக் கணக்கில் நாலு பேருக்கு மாசம் 1,220 ராண்ட். அந்த அளவுக்கு உங்களுக்கு வரி வருதுன்னா, நிஜமா கையை விட்டுப் போறது 5,580தான்.

அடுத்தது, நிறுத்திட்டுத் திரும்பி வந்தா என்ன ஆகும்? உங்களவர் 12 வருஷம் கட்டியிருக்கார்னு வைங்க. இப்ப விட்டுட்டு 57 வயசில் திரும்பிச் சேர்ந்தா, 35 வயசு வரைக்கும் கணக்கில் வராது; அந்த 35-ஐயும் கட்டின 12-ஐயும் கழிச்சா, காப்பீடு இல்லாம இருந்ததா எடுத்துக்கிறது 10 வருஷம். அதுக்குச் சந்தாவில் 25 சதவீதம் வரை கூடுதல் போடலாம். ஒரு வருஷத்தோட தீராது, உறுப்பினரா இருக்கிற வரைக்கும் தொடரும். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்குப் பன்னிரண்டு மாசம் வரை காத்திருக்கவும் சொல்லலாம்.

இதெல்லாம் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது. 2009-ல் நான் நிறுத்தினேன். பணம் பேங்கில் சேரும்னு நினைச்சேன். பக்கி வண்டியோட கியர்பாக்ஸுக்குக் கொஞ்சம், மகள் பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷத்து மேட்ரிக் டான்ஸ் கவுனுக்குக் கொஞ்சம், மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குக் கொஞ்சம்னு போச்சு. பதினாலாம் மாசம் பித்தப்பையில் கல். அன்னைக்குக் கணக்கில் இருந்தது 3,100 ராண்ட்.

உங்க பிளானில், அன்றாட வைத்தியச் செலவுக்குன்னு ஒதுக்கி வைக்கிற சேமிப்புப் பகுதி இருக்கான்னு காகிதத்தை எடுத்துப் பாருங்க. சந்தாவில் 25 சதவீதம் வரை அதுக்கு ஒதுக்கச் சட்டம் இடம் கொடுக்குது. செலவாகாத பாக்கி அடுத்த வருஷத்துக்கு வரும்.

கேப் டவுன் டியூட்டர்:

அக்கா, நீங்கள் வாசித்த தைவான் ஆய்வு ஷின்-யி சௌவும் மற்ற இருவரும் 2003-ல் வெளியிட்டது. 1995-க்கு முன்பே தைவானில் அரசு ஊழியர் குடும்பங்களுக்குக் காப்பீடு இருந்தது. தனியார் ஊழியர்களின் மனைவி மக்களுக்குப் புதிதாகக் கிடைத்தது. இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டுத்தான் அந்த எண் வந்தது. உங்களையும் உங்கள் மாமியாரையும் ஒப்பிட்டால் அப்படி எதுவும் கிடைக்காது. அவருக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை, உங்களுக்கு இரண்டு. அமெரிக்காவில் 1996-ல் வந்த ஆய்வில் காப்பீடு உள்ள குடும்பங்களிடம்தான் சொத்து அதிகம். அதனால் காப்பீடு எடுத்தால் பணக்காரர் ஆகலாம் என்றா சொல்வோம்? நிலையான வேலை உள்ளவர்களிடம் இரண்டும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

தைவானில் சேமிப்பு அதிகம் குறைந்தது, குறைவாகச் சேமித்த வீடுகளில். நோய் வந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒதுக்கிய பணம், பயம் குறைந்ததும் செலவுக்கு வந்தது. சீனக் கிராமங்களிலும் 2003-ல் தொடங்கிய காப்பீட்டுக்குப் பின் மருத்துவம் சாராத செலவு 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. அங்கே மக்கள் மிகையாகச் சேமிப்பதுதான் கவலை, ஆகவே அது நல்ல சேதி. தென்னாப்பிரிக்காவில் குடும்பச் சேமிப்பே பூஜ்யத்தை ஒட்டித்தான் கிடக்கிறது. காப்பீடு தின்பதற்கு இங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

வளர்ச்சி பற்றிக் கேட்டீர்கள். பொருளியலாளர் சோலோவின் வளர்ச்சி மாதிரியில் சேமிப்பு விகிதம் வருமானத்தின் மட்டத்தைத்தான் உயர்த்தும், நீண்டகால வளர்ச்சி வேகத்தை மாற்றாது. கட்டுரையில் இதை எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். இன்னொன்று, இந்தோனேசியாவில் கெர்ட்லரும் குரூபரும் 2002-ல் காட்டியது: சின்னக் காய்ச்சலைக் குடும்பங்கள் சமாளித்துவிடுகின்றன, ஆளை முடக்கும் நோய் வந்தால் மருத்துவம் சாராத வீட்டுச் செலவைக் குறைக்க வேண்டியதாகிறது. உங்கள் மாமியாரின் 58,000 முதல் வகைக்குப் போதும்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

அண்ணா சொன்னபடி காகிதத்தைத் தேடினேன். மாசம் 1,020 சேமிப்புப் பகுதிக்குப் போயிருக்கு. பாக்கி 4,316 ராண்ட்! அப்புறம் எதுக்குப் பல்லுக்குக் கையிலிருந்து கொடுத்தோம்னு வீட்டுக்காரரைக் கேட்டா, ஃபிரிட்ஜைத் திறந்து பார்க்கிற மாதிரி முகத்தை வச்சிருக்கார். நிறுத்தலை, அவ்வளவுதான் முடிவு.

பெருமையா மாமியார்கிட்டே காட்டினேன். பாதித் தமிழ், பாதி இங்கிலீஷில் ஒரே கேள்வி: "டிசம்பர்லே எடுத்து அரிசி, எண்ணெய் வாங்க முடியுமா?" முடியாதுன்னேன். "அப்போ அது என்னா சேவிங்ஸ்?"

டியூட்டர் தம்பி, இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?