வண்டிப்பாளையம் வீட்டுக் குழு: முறை வருமுன் விழுந்த ஸ்கூட்

அக்கா, காலை 7:04
நேற்று மின்சாரம் போய் ரம்மி ஆட்டம் பாதியில் நின்றுவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடரும் முன்பு, கடைசியாகச் சீட்டுப் போட்டு ஆடிய கையில் மாமா ஸ்கூட் சொன்ன, அதாவது அந்தக் கையை ஆடாமல் விட்டு விலகிய விதத்தைப் பற்றி எனக்கு ஒரு தீர்ப்பு வேண்டும். அப்பா கலைத்துப் போட்டார்; அவருக்கு அடுத்து அத்தை, பிறகு நான், பிறகு மாமா, பிறகு தம்பி என்பதுதான் சுற்று. அத்தை சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கும்போதே மாமா 13 சீட்டையும் பாயில் எறிந்துவிட்டு எழுந்துவிட்டார். அவர் முறைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம்.

மாமா, காலை 7:11
கையில் ஒரு சேர்க்கையும் இல்லை, ஜோக்கரும் இல்லை. என் முறை வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், பாப்பா. இரண்டு நிமிடம் முன்னால் சொன்னதில் யாருக்கு என்ன நட்டம்? 20 புள்ளி எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுத்தான் வாழைக்காய் பஜ்ஜி வாங்கப் போனேன். அதை எல்லோரும்தான் சாப்பிட்டீர்கள்.

அக்கா, காலை 7:16
நட்டம் எனக்குத்தான் மாமா. நான் 78 புள்ளியில் இருந்தேன். நம் ஆட்டத்தில் புள்ளி ஏற ஏற நட்டம்; 101-ஐத் தொட்டால் வெளியே. முதல் சீட்டை எடுப்பதற்கு முன் ஸ்கூட் சொன்னால் 20 மட்டும் ஏறும், 98-இல் தப்பித்திருப்பேன். எடுத்த பிறகு சொன்னால் 40 என்பதால் அந்த வழி எனக்கு அடைபட்டுவிடும். ஆடுவதா விடுவதா என்று யோசிக்கும் அந்த ஒரு நொடியில், எதிரே ஓர் ஆள் குறைந்துபோனதைக் கண்டதும் சபலம் தட்டி, சீட்டை எடுத்துவிட்டேன். தம்பி சீட்டுகளைச் சேர்த்து முடித்து ஷோ வைத்தபோது, சேராத சீட்டுகளின் புள்ளியாக என் கையில் 34 நின்றது. 112 ஆகி வெளியே போனேன். சபலப்பட்டது என் தவறுதான், ஆனால் அதைத் தூண்டியது உங்கள் அவசரம்.

நான், காலை 7:23
ஷோ வைத்தவன் என்பதால் நானும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா கழித்த ஆட்டின் (இதயக் குறி) ஒன்பதை எடுத்ததால்தான் எனக்கு ஏழு, எட்டு, ஒன்பது என்று ஜோக்கர் கலக்காத ஒரிஜினல் வரிசை சேர்ந்தது. ஆனால் மாமா தம் முறையிலேயே ஸ்கூட் சொல்லியிருந்தாலும் அந்த ஒன்பது மேலேயே கிடந்திருக்கும், எடுக்கும் உரிமையும் எனக்கே வந்திருக்கும் அல்லவா, பெரியப்பா?

பெரியப்பா (அக்காவின் அப்பா), காலை 7:40
உரிமை உனக்கு வந்திருக்கும். ஒன்பதுதான் வந்திருக்குமா என்பதே கேள்வி. ரம்மியில் நாம் கழிக்கும் சீட்டு அடுத்தவருக்கு மட்டுமே கிடைக்கும் என்பதால், கழிக்கும்போது நம் கண் அவர்மேல்தான் இருக்கும். உன் அக்கா தனக்கு அடுத்து மாமா இருக்கிறார் என்று நினைத்துக் கழிக்கும் சீட்டும், மாமா போய்விட்டார், இனி நீதான் அடுத்தவன் என்று தெரிந்து கழிக்கும் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே முன்கூட்டிச் சொன்ன ஸ்கூட், சொன்னவரின் கையை மட்டும் முடிக்கவில்லை. சொல்லாதவர்களின் யோசனைக்குள்ளும் புகுந்துவிட்டது. ரம்மி பெரும்பாலும் திறமையின் ஆட்டமே என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது காட்டிய காரணங்களில் ஒன்று, விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்தாக வேண்டும் என்பது. எந்தச் சீட்டு எப்போது விழுகிறது என்பதே ஆட்டத்தின் உயிர் என்றால், முறை தவறி விழுவதைச் சின்ன விஷயம் என்று எப்படித் தள்ளுவது?

அத்தை, காலை 7:52
அண்ணா, இன்னொன்றும் நடந்தது, நான்தான் நேற்றுச் சொல்லவில்லை. இவர் எறிந்த வேகத்தில் ஒரு சீட்டு மல்லாந்து விழுந்தது, இஸ்பேட் ராணி. என் கையில் இஸ்பேட் ராஜாவும் ஜாக்கியும் அந்த ராணிக்காகவே காத்திருந்தன. இரண்டு கட்டு போட்டு ஆடுவதால் ராணி மொத்தமே இரண்டு, அதில் ஒன்று செத்துவிட்டது என்று தெரிந்ததும் அடுத்தடுத்த சுற்றில் அந்த இரண்டையும் கழித்துவிட்டேன். ஷோ வந்தபோது என் கணக்கில் 20 புள்ளி குறைந்தது அதனால்தான். பஜ்ஜிக்கும் சேர்த்து இவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மாமா, காலை 8:05
வீட்டிலேயே எதிர்க்கட்சி இருந்தால் என்ன செய்வது! மச்சான், நெய்வேலியில் வேலை பார்த்த காலம் முழுக்க மாலையில் பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடியவன் நான். அங்கே ஆடும் முன் நடக்கும் ஏலத்தில், கேட்க விரும்பாமல் பாஸ் என்று விடுவது அந்த ஒரு முறைக்கு மட்டும்தான். ஏலம் சுற்றி வரும்போது அதே ஆள் மறுபடியும் கேட்கலாம். ஒருவர் கேட்டபின் தொடர்ந்து மூன்று பாஸ் விழுந்தால் ஏலம் முடியும், எடுத்த எடுப்பிலேயே நான்கு பேரும் பாஸ் என்றால் அந்தக் கை ஆடப்படாமலே போகும். விட்டுக்கொடுப்பதை அங்கே யாரும் குற்றமாகப் பார்ப்பதில்லை.

அக்கா, காலை 8:09
விட்டுக்கொடுத்ததை நானும் குற்றம் சொல்லவில்லை. பிரிட்ஜில் ஒருவர் முறை தவறிப் பாஸ் சொன்னால் என்ன செய்வார்கள் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள், மாமா.

மாமா, காலை 8:20
கேட்டுவிட்டாய், சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னவருக்கு இடப்புறம் இருக்கும் எதிராளி அதை ஏற்றுக்கொண்டு தன் கேட்பைச் சொல்லிவிட்டால் அது நிலைக்கும். ஏற்காவிட்டால் ரத்தாகி, முறை உரியவரிடமே திரும்பும். போட்டிகளில் பாஸை வாயால் சொல்வதே இல்லை; பெட்டியிலிருந்து பச்சை அட்டையை எடுத்து மேசையில் வைப்பார்கள், ஏனென்றால் குரலின் ஏற்ற இறக்கமே ஜோடியாக ஆடும் கூட்டாளிக்குச் செய்தியாகிவிடும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வாங்கினார்களே, அது இந்த ஆட்டத்தில்தான். இவ்வளவும் சொன்னபிறகு நான் எந்த முகத்தோடு வாதாடுவது?

பெரியப்பா, காலை 8:45
அப்படியானால் எழுதிக்கொள்ளுங்கள். ரம்மியில் ஸ்கூட் சொன்னவர் அந்தக் கை முடியும் வரை திரும்பி வர முடியாது என்பதால், நமக்குக் கட்டுப்பாடு பிரிட்ஜைவிடக் கூடுதலாகவே வேண்டும். வரும் ஞாயிறு முதல், தன் முறை வருவதற்கு முன் ஸ்கூட் சொல்பவருக்கு 20 அல்ல, 40 ஏறும். சீட்டைக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும். நேற்றைய கை அப்படியே நிற்கும். உன் அத்தை அடுத்த சீட்டை எடுப்பதற்கு முன் யாரும் தடை சொல்லவில்லை, நானும் பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தேன். இன்று போட்ட விதியை நேற்றைக்குப் பூட்ட முடியாது. நீ வெளியே போனது போனதுதான், அம்மா.

அக்கா, காலை 8:51
ஒப்புக்கொள்கிறேன், அப்பா. அப்படியானால் மாமாவின் 62-உம் 20-உம் சேர்ந்து 82 என்று நோட்டில் இருப்பது மாறாது. இனி அவர் ஒழுங்காகத் தம் முறையிலேயே ஸ்கூட் சொன்னாலும் 102 ஆகிவிடும் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

மாமா, காலை 8:53
எந்தக் குப்பைக் கை வந்தாலும் ஆடித்தான் தீர வேண்டுமா! அடுத்து யார் கலைப்பது?

அத்தை, காலை 8:54
நான். எனக்கு அடுத்து இருந்தவள் வெளியே போய்விட்டதால், முதல் முறையே உங்களுடையதுதான்.