பழைய டெல்லில் சாதாரண ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் போடலாமா?

நூல்மில்:
நூல் சோதிக்கும் மெஷினோடு வந்த டெல் டைமன்ஷன் எக்ஸ்பிஎஸ் டி500, பென்டியம் 3, 1999 மாடல். நன்றாகவே ஓடுகிறது. மெஷினின் ஐஎஸ்ஏ கார்டு (இப்போதைய சாதாரண கம்ப்யூட்டரில் இல்லாத பழைய வகை ஸ்லாட்டில் சொருகுவது) இதில்தான் இருக்கிறது, அதனால் கம்ப்யூட்டரை மாற்ற வழியில்லை. வேலை நிற்கக் கூடாது என்று ஒரு எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி) முன்கூட்டியே வாங்கி வைக்கப் பார்க்கிறேன். திறந்து பார்த்தால் அதே 20 பின் கனெக்டர்தான், கூடவே தனியாக ஒரு 6 பின். கடையில் கிடைப்பதை அப்படியே சொருகலாமா?

வயர்மேன்:
தயவுசெய்து சொருகாதீர்கள். 1998 வாக்கில் தொடங்கிச் சில வருடம் டெல் பல மாடல்களில் ஏடிஎக்ஸின், அதாவது பொதுத் தரத்தின், அதே கனெக்டரை வைத்துக்கொண்டு வயர் வரிசையை மட்டும் மாற்றிவிட்டார்கள். பிளக் கச்சிதமாக உட்காரும், அதுதான் ஆபத்தே.

14-வது பின்னைப் பாருங்கள். ஏடிஎக்ஸில் அது ஆன் சிக்னல் (கிரவுண்டில் பட்டால் எஸ்எம்பிஎஸ் ஓடும்), டெல் போர்டில் கிரவுண்டு. அதனால் கரண்ட் கொடுத்ததுமே, நீங்கள் பட்டனைத் தொடாமலேயே எஸ்எம்பிஎஸ் ஓட ஆரம்பித்துவிடும். 4-வது பின்னில் வரும் 5 வோல்ட்டும் 2-வதில் வரும் 3.3 வோல்ட்டும் நேராக கிரவுண்டில் போய் முட்டும். 9-வதில் இருக்கிற ஸ்டாண்ட்பை (கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் வரும்) 5 வோல்ட்டுக்கும் அதே கதி. நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் பாதுகாப்பு சர்க்யூட் உடனே நிறுத்திவிடும், மட்டமானது என்றால் அதுவோ போர்டோ போய்விடும்.

நிறத்தையும் நம்பாதீர்கள். ஏடிஎக்ஸில் ஆரஞ்சு என்றால் 3.3 வோல்ட், டெல்லில் அது பவர் குட் (கரண்ட் சீராகிவிட்டது என்று போர்டுக்குச் சொல்லும் சிக்னல்). ஏடிஎக்ஸில் சாம்பல் பவர் குட், டெல்லில் அதுவே ஆன் வயர்.

மல்டிமீட்டர்:
அந்த 6 பின்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெல்லின் 20 பின்னில் 3.3 வோல்ட்டே கிடையாது, முழுதும் 6 பின் வழியாகத்தான் வருகிறது: மூன்று கிரவுண்டு, மூன்று 3.3. பழைய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் சிலவற்றிலும் இதே மாதிரி 6 பின் இருக்கும், ஆனால் அதில் 6-வது பின் 5 வோல்ட். "இதாவது பொருந்துகிறதே" என்று போட்டால் 3.3 லைனில் 5 வோல்ட் ஏறும்.

நூல்மில்:
நல்லவேளை கேட்டேன். அப்போ பின்னைக் கழற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடுமா?

வயர்மேன்:
ஆகும். ஒழுங்கான பின் எக்ஸ்ட்ராக்டர் வாங்கிக்கொள்ளுங்கள், குண்டூசியால் நோண்டினால் உள்ளே இருக்கிற சின்ன நாக்கு வளைந்து, பின் பிறகு பிடிக்காது. முதலில் இப்போது ஓடுகிற எஸ்எம்பிஎஸ்ஸிலேயே, கனெக்டர் போர்டில் இருக்கும்போது, வயர் பக்கமாக மீட்டர் முனையை விட்டு ஒவ்வொரு பின்னையும் அளந்து எழுதி வையுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் சில வயர் பக்கம் பார்த்தது, சில பின் பக்கம் பார்த்தது, இடவலம் மாறிவிடும்.

இன்னொன்று, இந்தக் கால எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட்டில்தான் பலம், உங்கள் பெட்டிக்கு அதிகம் வேண்டியது 5-உம் 3.3-உம். லேபிளில் அந்த இரண்டுக்கும் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். மைனஸ் 5 வோல்ட் இப்போது பெரும்பாலும் வருவதில்லை. பெரும்பாலான ஐஎஸ்ஏ கார்டுக்கு அது தேவையில்லை, உங்கள் கார்டில் பி5 விரலிலிருந்து (ஸ்லாட்டில் போகும் ஓரத்தில் மைனஸ் 5 வரும் தொடுமுனை) தடம் எங்காவது போகிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஆபீஸ்பெட்டி:
இடையில் ஒரு சந்தேகம். எங்களிடம் 14 பின் லெனோவோ இருக்கிறது, அதற்கும் இந்தத் தொல்லை உண்டா?

மல்டிமீட்டர்:
அதில் பிளக்கே வேறு, தவறாகச் சொருக முடியாது. சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின்னை 14 பின்னாக மாற்றும் கேபிள் கிடைக்கிறது. சாட்டா டிஸ்குக்கான பவரைப் போர்டில் இருக்கிற கனெக்டரிலிருந்தே எடுக்கலாம்.