வைரஸ் புகுந்த கணினியிலிருந்து கோப்புகளை எடுப்பது எப்படி?

கேள்வி: லேப்டாப்பில் வைரஸ். விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவதற்கு முன் போட்டோக்களையும் வேர்ட் கோப்புகளையும் பென்டிரைவில் எடுத்தால் வைரஸும் கூடவே வந்துவிடுமா?

பதில் 1: வரலாம். முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். அப்புறம் அந்த விண்டோஸைத் திறக்காமல், வேறொரு நல்ல கணினியில் லினக்ஸ் லைவ் யுஎஸ்பி (விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தை நேரடியாக ஓட்டும் பென்டிரைவ்) தயாரித்து, அதிலிருந்து லேப்டாப்பை பூட் செய்து (தொடங்கி) நகலெடுங்கள், விண்டோஸுக்கான வைரஸ் அப்போது சும்மா கிடக்கும். சொந்தக் கோப்புகள் மட்டும் போதும், இஎக்ஸ்இ (.exe என முடியும் நிரல் கோப்பு) எதுவும் வேண்டாம்.

பதில் 2: மேக்ரோ (கோப்புக்குள் இருக்கும் சிறு நிரல்) உள்ள வேர்ட் கோப்பும் ஆபத்துதான், ஸ்கேன் செய்துவிட்டுத் திறங்கள். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருந்தால் மீட்புச் சாவியைத் தேடி வையுங்கள். அது இல்லாமல் அரை நாள் முழித்தவன் நான்.

கேட்டவர்: சரி, பழைய பேக்கப் டிரைவையே செருகவா?

பதில் 1: ஐயோ, வேண்டாம்! ரான்சம்வேராக (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) இருந்தால், அந்த விண்டோஸ் ஓடும்போது செருகினால் அதையும் பூட்டிவிடும். காலி டிரைவ் ஒன்றை எடுங்கள்.